ஒரே மூச்சில் முப்பது

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். விடுதிப் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை பார்த்ததில்லை. படிக்கிறவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிரிவலம் வரும் மலையின் அடிவாரத்தில், செங்கம் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், எட்டு அறைகள் உள்ள விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி சென்னையில் இருக்கிறார். தங்க வருபவர்களில் பாதிப் பேர் தியானத்துக்காக, பேசாமல் இருப்பதற்கென்றே வருகிறவர்கள். சாவியைக் கொடுத்தால் ஒரு தலையசைப்பு, திரும்ப வாங்கினால் ஒரு கும்பிடு. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் தனியாக இருக்கிறேன்.

போன வருடம் இதயம் பலவீனமாகி, நெஞ்சில் நீர் கோத்து, மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தேன். வேலைக்கு ஆள் மாறும்போதெல்லாம் புதிதாக வருகிற நர்ஸ், "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்பார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள்தான் எனக்கும் சேர்த்து வெந்நீர் வாங்கி வந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி ஒருமுறை அப்படிப் போய்ப் படுக்கக் கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் ஏற்பாடு செய்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்குச் செல்போனில் அழைப்பு வரும். பதிவு செய்த பெண் குரல் எடையும் பிரஷரும் கேட்கும்; எண்களை அழுத்த வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து முப்பது வரை ஒரே மூச்சில் சத்தமாக எண்ண வேண்டும். நெஞ்சில் நீர் சேர்ந்தால் குரல் மாறுமாம். கம்ப்யூட்டர் பழைய குரலோடு ஒத்துப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் நர்ஸ் கூப்பிடுவார்.

போன மாதம் இரண்டு நாள் தொடர்ந்து கூப்பிட்டார்.

"அண்ணா, எடை ஏறல, பிரஷரும் சரியா இருக்கு. குரல் மட்டும் கரகரன்னு இருக்கு, பத்தொம்போதோட நின்னுடுறீங்க. கால் வீங்கியிருக்கா?"

"இல்லமா."

"காலைல எழுந்து யார்கிட்டயாவது பேசுனீங்களா?"

"இல்லமா."

"நேத்து?"

யோசித்தேன். தண்ணீர் கேன் போடுபவரிடம் "ரெண்டு" என்று சொன்னது முந்தாநாள்.

"தொண்டை இன்னும் தூங்கினு இருக்குதோ என்னமோ. நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் யார்கூடயாவது பேசிட்டு எண்ணுங்க. அப்பவும் இப்படியே வந்துச்சுன்னா டாக்டர் அட்மிட் ஆகச் சொல்லிடுவாரு. கூட ஒரு ஆளைக் கூட்டினு வந்துடுங்க."

மறுநாள் ஆறரை மணிக்கு மூன்றாம் அறைக் கதவைத் தட்டினேன். "சார், தண்ணி நல்லா வருதுங்களா?" கதவைத் திறந்தவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். மௌனம் என்று எழுதியிருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மாவிடம் போய், "ரெண்டு இட்லி குடுமா" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அடப்பாவி, பேசுவியா நீ! ஆறு வருஷமா விரலக் காட்டி வாங்கினு போற. நான் மௌன சாமின்னு இல்ல நெனச்சினு இருந்தேன்?"

"சாமியெல்லாம் இல்லமா. ரூம் பாத்துக்கறேன். டாக்டரு பேசச் சொல்லியிருக்காங்க."

"பேசேன். உன் வாய யாரு பொத்துனா?"

மோட்டார் போடுகிற நேரம், ஐந்தாம் அறைக் குழாய் ஒழுகுவது, மொட்டை மாடியில் குரங்குகள் துணியை இழுத்துப் போவது எல்லாம் சொன்னேன். மாவை ஊற்றிக்கொண்டே அவர் "அப்புறம்?" என்று கேட்டபடி இருந்தார். ஏழு மணிக்குப் போன் அடித்தது. அறையிலேயே பார்த்து வந்த எடையையும் பிரஷரையும் அழுத்தினேன். "செத்த சும்மா இருங்கப்பா, ஆஸ்பத்திரி போனு" என்று அவர் சாப்பிட நின்றவர்களை அடக்கினார். இருபத்தெட்டு வரை போனேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார். "இன்னிக்கு நல்லா இருக்கு அண்ணா. நெஞ்சுல நீர் இல்ல. அட்மிஷன் தேவையில்ல. தெனமும் இப்படிப் பேசிட்டு எண்ணுங்க." யாரோடு பேசினேன் என்று கேட்பார் என நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பௌர்ணமி. கடையில் கிரிவலக் கூட்டம்; அந்த அம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இரண்டு விரலைக் காட்டி இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.