லூர்துவின் தனிக் கருத்து

லூர்துவின் வாயில் எதுவும் தங்காது என்பது ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவரே சொல்லியிருப்பார். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்துவிட்டு ஏணியில் இறங்கிவரும் மனிதருக்குப் பேச ஆள் வேண்டியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேசுவது பெரும்பாலும் மகள் ஜானட்டைப் பற்றி. போன வருடம் அதுதான் வினையாக முடிந்தது.

ஜானட் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மீஞ்சூர் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் கிண்டியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பிஎச்.டி. படிக்க விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதையே இடம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு லூர்து யார்டில் சொன்னார், மீன் வாங்கும் இடத்தில் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலிலும் சொன்னார். தெருவே அவளை டாக்டர் ஜானட் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

பெயர் இல்லாததைக்கூட ஜானட் தாங்கிக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார்கள். பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். வயசும் ஆகிறது, ஒரு நல்ல பையனாகப் பார்த்துவிடலாமே என்றார்கள். மாதக்கணக்கில் நடந்தது இந்தத் துக்க விசாரிப்பு. அவள் ஞாயிறு பூசைக்கு வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் அப்பாவை மட்டும் மொட்டைமாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அதே நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருப்பதையும், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருப்பதையும் சொன்னாள்.

"அம்மாக்குக்கூட தெரியக் கூடாது டாடி. தெருவே காத்துகினு கீதுன்ற நெனப்போட உள்ள போனா எனக்கு வாயே தொறக்காது. போன தபா அதான் ஆச்சு."

லூர்து தலையாட்டினார். மாடிப்படி இறங்கும்போதே அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகளுக்கு இந்த முறையும் கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். தன் வாயே அதைக் கெடுத்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது சுற்றிச்சுற்றி ஜானட்டிடம் வந்து நிற்கும் என்று அவருக்கே தெரியும். ஆகவே பேசுவதையே நிறுத்திவிட்டார். யார்டில் கூட வேலை செய்யும் நெல்சன், இன்னா மாமு, உனக்கும் வூட்டுக்காரம்மாவுக்கும் ஏதாவது பேஜாரா என்று கேட்டுப் பார்த்தான். லூர்து டீயைக் குடித்துவிட்டுக் கூண்டுக்கு ஏறிப் போனார். சோறும் சரியாக இறங்கவில்லை.

மனிதர்களிடம்தான் சொல்லக் கூடாது, ஆண்டவரிடம் சொல்லலாமே என்று அவருக்கு ஒரு நாள் யோசனை தோன்றியது. கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஞாயிறு பூசைக்குக் கருத்து கொடுத்தார். கருத்து என்றால் இன்னாருக்கு இன்ன காரியம் நடக்க வேண்டும் என்று கேட்பது. பூசை தொடங்கும்முன் மைக்கில் வாசிப்பார்கள். போன வருடம் ஜானட்டின் மேற்படிப்புக்காக என்று விலாவாரியாக வாசிக்க வைத்தவர், இந்த வருடம் வெறுமனே தனிப்பட்ட கருத்து என்று போடச் சொன்னார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் உபதேசியார் மைக்கில் வாசித்தார். "லூர்து அவர்களின் தனிப்பட்ட கருத்துக்காக."

நாலைந்து வரிசை திரும்பிப் பார்த்தது. தண்ணி மோட்டார் ரிப்பேரானதற்கே ஊரறிய வேண்டிக்கொண்ட ஆளுக்குத் தனிப்பட்ட கருத்தாம். மனுஷன் சில வாரமாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, கன்னம் வேறு ஒட்டிக் கிடக்கிறது. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போன வரிசையிலேயே அவருக்கு ஏதோ பெரிய நோய் என்று முடிவாகிவிட்டது. கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் கல்லீரல் என்றார்கள். வீட்டுத் தெருவுக்கு வந்தபோது அது தொண்டைக்கு ஏறியிருந்தது. சாயங்காலம் நெல்சன் மாதுளம்பழத்தோடு வந்து, எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், ஜெசிந்தா மட்டும் இல்லையென்றால். லூர்துவின் மனைவி சமையலறையை விட்டு வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வயிற்றுவலியை வீட்டில் மறைத்து மறைத்தே செத்துப்போனவர். மறுநாளே விசாரித்து, தெரிந்த நர்ஸ் மூலமாக ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை. ஜானட்தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், டாக்டர் வாயிலிருந்து அதைக் கேட்கிற தைரியம் தனக்கு இல்லை என்றாள்.

வியாழக்கிழமைதான் நேர்முகத் தேர்வு. ஜானட் அப்பாவைப் பார்த்தாள்.

ஒரு வாக்கியம் சொன்னால் ஜெசிந்தாவின் கண்ணீர் நின்றுவிடும். லூர்துவின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"செரி, வியாழக்கெழம போறோம்," என்றார்.

கட்டிய மனைவியை அழவிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது அவமானமாக இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அதையும் அவள் நோயின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகளும் ஸ்கேனுக்கு என்று கிளம்பி, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறிக் கிண்டிக்குப் போனார்கள். பாதி வழியில் ஜானட் மெதுவாக, நிஜமாகவே உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். ஊர் பேசியதில் அவளுக்கும் சந்தேகம் வந்திருந்தது. சொல்லாமல் இருப்பதுதான் தனக்கு நோய், வேறொன்றும் இல்லை என்றார் லூர்து. அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெசிந்தா விடாமல் போன் செய்துகொண்டிருந்தாள். கடைசியில் எடுத்து, இன்னும் கூப்பிடவில்லை என்றார். அது ஒரு விதத்தில் உண்மைதான்.

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க. எங்கண்ணன் மாதிரி பண்ணிடாதீங்க," என்றாள் ஜெசிந்தா.

லூர்து போனை வைத்தார்.

ஜானட் வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. போன வருடம் ஏன் கிடைக்கவில்லை என்று நினைக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வியாம். பயந்துவிட்டேன் என்று சொன்னாளாம். பிறகு தன் பரிசோதனைக் கூடத்து வேலையைப் பற்றி நன்றாகவே பேசியிருக்கிறாள். ஒரு கேள்வியில் தடுமாறியிருக்கிறாள். எப்படிப் போச்சு என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. லூர்து ஜெசிந்தாவின் போனைப் பற்றிச் சொன்னார். ரிசல்ட் வரும்வரை தான் சமாளித்துக்கொள்வதாகவும், ஸ்கேன் ரிப்போர்ட் வர நாளாகும் என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னார்.

"அதுவரிக்கும் அம்மா அழுதுகினு இருக்கணுமா?" என்றாள் ஜானட். "வூட்டுக்குப் போய் நானே சொல்றேன். தெருவுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்."

ஜெசிந்தா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். ஜானட் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அதில் புருஷனுக்கு நோய் இல்லை என்பது மட்டும்தான் ஜெசிந்தாவுக்கு முதலில் காதில் ஏறியது. படியில் உட்கார்ந்து அழுதாள். எழுந்து லூர்துவின் தோளில் பலமாக இரண்டு அடி வைத்தாள். பிறகுதான் மகள் பக்கம் திரும்பினாள்.

"வாயில எதுவும் தங்காத இந்த மன்ஷன் கிட்ட சொல்லிகீற. எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஜானட் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"போன வருஷம் நீயும் எனக்கு ஆறுதல்தாம்மா சொன்ன. டாடி ஒண்ணும் சொல்லல. பாத்ரூம்ல கொழாவத் தொறந்து வுட்டுட்டு அழுதாரு."

மகளுக்கு அது கேட்டிருக்கும் என்று லூர்து இத்தனை நாள் நினைத்ததே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஜெசிந்தா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ரிசல்ட் எப்போது என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றாள் ஜானட்.

"பேரு வராட்டி இந்த தபா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்கூட ஒக்காந்து அழுவுறேன்."

காலையிலிருந்து ஜானட் அடக்கிவைத்திருந்த அழுகை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே வந்தது.