பெட்டிக்குள் ஓர் இடம்

தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துவந்த பால்வண்ணநாதன், குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரர் காலி செய்த பங்களாவின் ஏலத்தில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலை எடுத்தார். கூடவே விரலளவு ஈயப் பொம்மைகள். தொப்பிகளை அரத்தால் ராவி, வேட்டியும் சேலையும் தீட்டி, வருஷா வருஷம் நவராத்திரிக் கொலுவில் ஒரு பிளாட்பாரத்தையே நிறுத்துவார். அதிலிருந்த ஒரே பெண் பொம்மைக்கு மனைவி முத்துவடிவின் அரக்குச் சேலை, மூக்குத்தி.

"என்னைய வண்டிக்குள்ள உக்கார வையுங்க," என்றாள் முத்துவடிவு.

"ஏட்டி, இது நிக்குத பொம்மை. காலை வெட்டினாத்தான் உள்ள போகும். மூளிப் பொம்மையக் கொலுவுல வைக்கலாமா?"

"தொப்பியச் சீவினது மட்டும் மூளி இல்லையாக்கும்?"

அவர் வண்டிக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டார். நிஜ ரயிலிலும் அவளை ஏற்றியதில்லை. கையில் ரயில்வே இலவசப் பாஸ் இருந்தும், கொல்லம் லைனில் வண்டி நுழையும் மலைக்குகை பார்க்கப் போவோம் என்று சொன்னதோடு சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். துக்க வீட்டில் அந்த வருஷம் கொலு கிடையாது. மூளி என்று தடுக்க ஒன்றுமில்லை. பொம்மையின் கால்களை அறுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்து, சாவி கொடுத்தார்.

வண்டி வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.