சண்முகம் பார்க்காததை நான் பார்த்தேன்

போன வாரம் ஐரோப்பாவில் ஒரு நீதிமன்றத்தில் என் தமிழ் மண்ணைக் கவ்வியது. நான் குவைத்தின் ஃபஹாஹீலை விட்டு நகராமலே!

சண்முகம் புதுக்கோட்டைக்காரர். (பெயரை மாற்றியிருக்கிறேன். நடைமுறை!) இங்கே குவைத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். பல வருஷங்களுக்கு முன்னால், போர் நடந்துகொண்டிருந்த பக்கத்து நாட்டுக்குச் சரக்கு கொண்டுபோனபோது, ஓர் ஆயுதக் கும்பல் அவரையும் கூட வந்த கேரளத்து டிரைவர் ஜோசப்பையும் பிடித்துவைத்தது. பன்னிரண்டாம் நாள் ஜோசப்பைச் சுட்டார்கள். தன்னை ஏன் விட்டார்கள் என்று சண்முகத்துக்கு இன்றுவரை தெரியாது.

உத்தரவு போட்ட தளபதி? தாடியை எடுத்து, பெயரை மாற்றி, ஐரோப்பாவில் காய்கறிக் கடை வைத்திருந்தானாம். அந்த நாட்டுப் போலீஸ் பிடித்துவிட்டது.

கொலை நடந்தது எங்கேயோ, செத்தவர் இந்தியர்... அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சில குற்றங்களை, உலகில் எங்கே செய்திருந்தாலும் எங்கள் கோர்ட்டே விசாரிக்கும் என்று சில நாடுகள் சட்டம் வைத்திருக்கின்றன. நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் கடல் தாண்டினால் செல்லாது. போர்க்குற்றம் செல்லும்!

அந்தக் கடத்தல் பற்றிய பழைய ஃபைலில் சண்முகத்தின் பெயர் இருந்தது. முதலில் எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார். வராமல்? முப்பது வருஷம் இங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டியவன். எந்த அமைச்சகத்துக் கடிதத்தில் எந்த சீலுக்கு மேல் எந்த சீல் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஓய்வுபெற்ற பிறகு தொழிலாளர் கேம்ப்காரர்களுக்கு லீவ் லெட்டர் எழுதுவது என் பொழுதுபோக்கு. அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. 'ஊருக்குப் போக வேண்டும்' என்று எழுதினால் மேனேஜர் 'மாஃபி', அதாவது கிடையாது, என்பார். 'தாயார் ஐ.சி.யூ.வில்' என்றால் உடனே லீவ். இப்படி எத்தனை ஆரோக்கியமான தாயார்களை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறேன்! நான் எழுதுவேன், அவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

சண்முகமும் போட்டார். நான்கு பக்கம்.

போன வாரம், வீடியோ வழியாக நேரடிச் சாட்சி. இங்குள்ள அரசு அலுவலகத்துக்கு என் காரில் அழைத்துப்போனேன். சிக்னலில் நிற்கும்போது சண்முகம் கனைத்தார்.

"சார், நீங்க எழுதுனதை நேத்துதான் முழுசாப் படிச்சேன்."

"எப்படி இருக்கு?" பாராட்டுக்குத் தயாரானேன்.

"பிரமாதம் சார். ஆனா, 'அவன் உத்தரவிட்டதைக் கண்ணாரக் கண்டேன்'னு இருக்கு. நான் பாக்கல சார். அன்னைக்குக் கண்ணைக் கட்டியிருந்தாங்க. குரல்தான் கேட்டுச்சு."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்.

"ஏன்யா, அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே சார். மளமளன்னு எழுதுனீங்க." சீட் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாத்தேன்னே சொல்லிரட்டா? ஜோசப்புக்காக?"

ஒரு நொடி... எனக்கும் ஆசைதான்.

"வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிடுவான். இவன் வெளியே வந்து மறுபடி தக்காளி நிறுப்பான். நடந்ததைச் சொல்லு. பழியை என்மேல போடு."

சாட்சிக்கு மட்டுமே அனுமதி என்று வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. இரண்டு மணி நேரம் வராந்தாவில் நடந்தேன்.

சண்முகம் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"அந்த வக்கீல் எடுத்த எடுப்புல அதைத்தான் பிடிச்சாரு சார். கண்ணைக் கட்டியிருந்தாங்கன்னு சொல்றீங்களே, எந்தக் கண்ணால பாத்தீங்கன்னு."

"நீ?"

"எங்க சாரோட கண்ணுன்னேன். லீவ் லெட்டர் கதையெல்லாம் சொல்லிட்டேன். மொழிபெயர்த்ததும் ஜட்ஜம்மாவே சிரிச்சுட்டாங்க."

சர்வதேச நீதிக்கு என் பங்களிப்பு!

"அப்புறம் சிரிக்கல சார். குரலை எப்படித் தெரியும்னு கேட்டாங்க. பன்னெண்டு நாளும் அவனுக்கு நான்தான் டீ போட்டேன், எதிர்ல உக்காந்து 'இன்னும் சக்கரை'ம்பான், அதே குரல்னேன். அன்னைக்கு என்ன சொன்னான்னாங்க. 'கலாஸ்'னான். அவ்வளவுதான் சார். உடனே வெடிச்சத்தம்."

கலாஸ். முடிந்தது என்று அர்த்தம். டியூட்டி முடிந்தால் கலாஸ், டீ தீர்ந்தால் கலாஸ் என்று நாம் இங்கே நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. சண்முகம் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

என் நான்கு பக்கத்தில் அந்த வார்த்தை இல்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் திரும்பி வரும்போது சண்முகம் கேட்டார்.

"சார், ஒரு லீவ் லெட்டர் வேணும். ஜோசப் வீட்டுக்குப் போய், கோர்ட்டுல சொல்லிட்டேன்னு சொல்லணும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றே வரி. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

தாயார் நலம்.