நூறு நாள் துவரை

1. முதலாளி சொன்னது

அரியலூரில் ஒரு விதைக் கடையில் முப்பத்தோரு வருஷம் கவுண்டரில் நின்றேன். சேர்ந்த அன்றே முதலாளி தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது.

"வர்றவன் ரெண்டுதான் கேப்பான். நல்லா மொளைக்குமா, எத்தன நாளுப் பயிரு. மொதக் கேள்விக்குப் பையக் காட்டு. ரெண்டாவதுக்கு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பையில் முளைப்புத்திறன், லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். எத்தனை நாளில் அறுவடை என்பது மட்டும் எங்கள் வாயில்தான் இருந்தது.

2. கிளை

விக்கிரமங்கலம் கலியபெருமாள் பழைய வாடிக்கையாளர். பருத்தி போடுகிறவர். ஒரு வருஷம் திடீரென்று உளுந்துக்கு மாறினார். "எழுவது நாளுக்கு மேல எதுவும் வேணாம் தம்பி" என்றார். பருத்தி விலை மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கவுண்டரில் நிற்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆடியில் அவர் வந்தபோது உளுந்து தீர்ந்திருந்தது. ஆறு மாசப் பயிரான துவரைதான் மூட்டையாகக் கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "புது ரகம்ணே. நூறே நாளு" என்றேன்.

விரல்விட்டு எதையோ எண்ணினார். "நடுவுல ஒரு ஊசி. சரி, குடு" என்றார். என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை.

தொண்ணூறாம் நாள் துவரைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து கவுண்டரில் வைத்தார்.

"இதுல ஒரு பூவக் காட்டு தம்பி."

மொட்டுகூட இல்லை. வேறு யாராயிருந்தாலும் மழை மேல் பழியைப் போட்டிருப்பேன். அவர் கிளையை ஒவ்வொரு கணுவாகத் திருப்பிக் காட்டினார். "தையிலதாண்ணே அறுப்பு" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் புராஸ்டேட்ல கேன்சரு. எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு பெரம்பலூர்ல ஸ்கேன் எடுத்துச் சொல்லிட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, தெனம் மாத்திர. ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு சொன்னதுல ஒரு வருஷம் போயிடுச்சு. புள்ளைங்க இல்ல. பாதியில நிக்கிற பயிர சரோஜா தலையில வச்சுட்டுப் போவக் கூடாதுன்னுதான் நாளக் கேட்டுக் கேட்டு வாங்குறேன். நீ இப்புடிப் பண்ணிட்டியே."

சரோஜா அவர் மனைவி. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கிளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

3. தை வரைக்கும்

அதன்பிறகு விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் கலியபெருமாள் கொல்லையில், அதாவது அவர் மானாவாரி நிலத்தில், நிற்கும் துவரையை விசாரித்தேன். துவரையைக் கேட்டால் ஆளைப் பற்றியும் சொல்வார்கள். "வித்த சரக்கு மேல இவ்ளோ பாசமாடா?" என்றார் முதலாளி.

தையில் கலியபெருமாளே வந்தார். மஞ்சள் பையில் இரண்டு படி துவரை. கடையை விட்டு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ரத்த டெஸ்ட்டுல நம்பரு எறங்கி அங்கயே நிக்குது. ஸ்கேன்லயும் புதுசா ஒன்னுமில்ல. கொணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டாராம். அடங்கிக் கெடக்காம். நம்ம கோரை மாதிரிதான். களை எடுத்தா மேல ஒன்னும் தெரியாது, கெழங்கு உள்ள கெடக்கும்."

துவரைப் பையை வாங்கிக் கவுண்டரில் வைத்தேன்.

"கோரை இல்லாத கொல்ல எங்க இருக்கு? வெள்ளாம பண்ணாமயா இருக்கோம்?" என்றார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபடி உளுந்துதான் வாங்கினார்.

4. முந்திரி

ஐந்து வருஷம் போனது. ஊசியும் நிற்கவில்லை, உளுந்தும் நிற்கவில்லை. நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு சரோஜா அக்காவும் கூட வந்தார். கலியபெருமாள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"உளுந்தும் வேணாம், ஒன்னும் வேணாம். தம்பி, முந்திரி ஒட்டுக்கன்னு எங்க கெடைக்கும்?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "அது எத்தன நாளு?"

இந்த முறை யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன். "காய்க்கவே மூணு வருஷம்ணே. நல்லாக் காய்க்க ஆறேழு ஆவும்."

"பாதியில நான் போயிட்டா?"

"போனாப் போங்க. மரம் எங்கயும் ஓடிடாது," என்றார் அக்கா. "இத்தன வருஷமா வெத, களை, அறுப்பு, மறுபடி வெதன்னு என் இடுப்பு ஒடஞ்சு போச்சு. உங்களுக்கு வந்த நோவுக்கு நான் களை எடுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

அக்காவுக்காகத்தான் உளுந்து என்று கலியபெருமாள் நினைத்திருந்தார். அக்காவிடமே கேட்டதில்லை போலிருக்கிறது. மீன்சுருட்டிப் பக்கம் இருக்கும் நர்சரிக்கு வழி கேட்டார்.

"நூறு கன்னு போதுமா?" என்றார்.

"நூத்தம்பது," என்றார் அக்கா.

5. கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்கு

நாள் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். என் பொய் நல்லபடியாக முடிந்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அது ஊசிக்கும் மாத்திரைக்கும் சேர வேண்டியது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாள் கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்று நமக்குத் தெரியாது.

கன்று வைத்து மூன்று வருஷமாகி, இந்தப் பங்குனியில் கலியபெருமாள் என் வீட்டுக்கு வந்தார். ஒரு பை முந்திரிப் பழம், முதல் காய்ப்பு.

"சும்மாதான உக்காந்திருக்க? அடுத்த வருஷம் கொட்டை பொறுக்க ஆளு பத்தாது. நீயும் வந்துடு" என்றார்.

வருகிறேன் என்றேன். எத்தனை நாள் வேலை என்று கேட்கவில்லை.