கடைசிப் பக்கத்தை முதலில் படித்தவள்

திண்டுக்கல் நாகல் நகரில் என் கணவருக்கு மோட்டார் சாமான் கடை. ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், ஒயர், ஃபியூஸ் என்று தோட்டக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். கிராமத்து ஆட்கள் காலையிலேயே வந்து வாங்கிப் போய்விடுவார்கள். மதியம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனால் வெயில் தாழும்வரை கல்லாவில் நான்தான். பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு, ஆள் வராத அந்த நேரத்தில் கொலைக் கதைகள் படிக்கப் பழகினேன். முதலில் வாடகை நூலகத்துப் புத்தகங்கள், பிறகு ஃபோனில்.

படித்ததை யாரிடமாவது பேச வேண்டுமே. அவரிடம் சொன்னால், "யாரு கொன்னா என்னம்மா, கடையில ஃபியூஸ் கட்டை தீந்து போச்சு, அதப் பாரு" என்பார். அப்படித்தான் முகநூலில் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்தேன். துப்பறியும் நாவல்களும் திகில் கதைகளும்தான் அங்கே அதிகம். மற்றபடி புதிதாக என்ன படித்தாலும் எழுதலாம், ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடலாம். ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு: கொலையாளி யாரென்று சொல்லக் கூடாது. நான் எழுதிய முதல் விமர்சனத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் வந்து, "உங்கள் பார்வை வித்தியாசமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். இன்றைக்கு என்ன வெஞ்சனம் வைப்பது என்பதைத் தவிர வேறெதற்கும் என்னிடம் அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அன்று மாலை வரை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை அங்கேதான் தெரியும். சொந்தப் பெயர் போடாமல், மல்லிகைப் பூப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு எப்போதாவது ஒரு வரி எழுதுவாள். ஒரு நாவலைப் பற்றி எல்லோரும் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, "நான் எப்பவும் கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பேன்" என்று எழுதிவிட்டாள். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய கொலை வேறு இல்லை என்றார்கள். இவரை உடனே குழுவை விட்டு நீக்குங்கள் என்று விளையாட்டாக ஒருவர் எழுத, அதற்குச் சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. அவளும் ஒரு சிரிப்புப் படம் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்பெட்டியில் ஒரு வணக்கம் அனுப்பினேன். பேச்சு வளர்ந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தோட்டத்து வீடு, கணவர் விவசாயம், ஆறாவது படிக்கும் ஒரு மகள். எங்கள் கடை இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

சில வாரம் கழித்து, நல்ல வெயிலில் ஒருத்தி கடைப் படியேறி வந்தாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சப்பை, அதில் பழைய ஸ்டார்ட்டர் ஒன்று.

"அக்கா, நான்தான் மல்லிகைப் பூவு" என்றாள்.

பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். ஸ்டார்ட்டரை மேசையிலேயே விட்டுவிட்டு இருவரும் கதை பேசினோம். பேச்சோடு பேச்சாக, ஏன் அப்படிக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறாய் என்று கேட்டேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "வீட்டுல எப்ப என்ன நடக்கும்னு தெரியாம பயந்து பயந்து இருக்கேன்க்கா. கதையிலயாச்சும் முன்கூட்டித் தெரிஞ்சா நிம்மதியாப் படிக்கலாம்ல."

அவள் கணவனுக்கு வலிப்பு நோய். கல்யாணத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. கல்யாணமான மாசமே அடுப்படியில் விழுந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாமியார் கதவைச் சாத்திவிட்டு, இந்த வீட்டைத் தாண்டி இது வெளியே போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"அவரு மேல எனக்குக் கோவமில்லக்கா. நல்ல மனுசன். மாத்திரை ஒழுங்காப் போட்டா ஒண்ணும் வராது, மறந்தாத்தான். கிணத்துப் பக்கம் மட்டும் போகாதீக, மோட்டார நான் போட்டுக்கறேன்னு தலைப்பாடா அடிச்சுக்குவேன். மோட்டார் போடக்கூடப் பொண்டாட்டிய அனுப்புறான்னு ஊர்ல சிரிப்பாகன்னு போயிருவாரு."

அதன் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். நான் வாங்கிய புத்தகங்களைக் கொடுத்தனுப்புவேன். திரும்பி வரும்போது அவற்றில் மல்லிகை வாசம் இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. "அக்கா, அவரு போயிட்டாரு" என்ற ஒரு வாக்கியமும், அதற்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தமும்தான் இருந்தன. கணவர் கடையைப் பூட்டிவிட்டு என்னை வண்டியில் கூட்டிப்போனார். எங்கள் முஸ்லிம் வீடுகளில் மவுத்து வீடு என்போம், அங்கே துட்டி வீடு. ஆண்கள் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உடல் பெரியாஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. விடிந்ததும் மோட்டார் போடப் போனவர் திரும்பவில்லை. அவள் தேடிப் போனபோது செருப்பு கிணற்று மேட்டில் கிடந்திருக்கிறது, அவர் தண்ணீரில் கிடந்திருக்கிறார்.

உள்ளே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில் முகம் புதைத்துக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் காதருகே வந்தாள்.

"வலிப்புன்னு யாருகிட்டயும் சொல்லிராதீகக்கா."

"ஏம்மா? போலீஸ் கேக்குமே."

"இன்ஸ்பெக்டர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். மாத்திரையையும் எடுத்துக் குடுத்துட்டேன். ஊருக்கு வேணாம். கொழுந்தனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்காக. பரம்பரை நோயின்னு நின்னு போகும்னு அத்தை கால்ல விழாத கொறையா அழுதுச்சு." மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இவளுக்கும் நாளைக்கு ஒருத்தன் வரணும்ல."

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. தோட்டத்துக் கிணற்றில் விவசாயி பிணம், போலீஸ் விசாரணை என்று தலைப்பு. மதியம் கடையில் ஃபோனைத் திறந்தபோது எங்கள் வாசகர் குழுவில் அந்தச் செய்தியின் படம் இருந்தது. போட்டவர் குழுவை நடத்துபவர்தான். திண்டுக்கல்லில் வீடு, ஓய்வுபெற்ற அதிகாரி, குழுவிலேயே நன்றாக எழுதுபவர். அவருடைய விமர்சனங்களை நானே கணவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். "நம் ஊர்ப் பக்கமே ஒரு த்ரில்லர். இத்தனை நாவல் படித்த நமக்கு இது சவால். கொலையாளி யார்?" என்று எழுதி, கீழே ஒரு ஓட்டெடுப்பும் வைத்திருந்தார். மனைவி, சகோதரன், வெளியாள், விபத்து. இதில் ஒன்றைத் தொட வேண்டும்.

என் கண்ணெதிரே எண்கள் ஏறின. நீச்சல் தெரிந்த விவசாயி சொந்தக் கிணற்றில் எப்படி மூழ்குவான் என்று ஒருவர் கேட்டார். முதலில் பார்த்தது மனைவி என்றால் முதல் சந்தேகமும் மனைவி மேல்தான் என்றார் இன்னொருவர். கள்ளக்காதல் கோணத்தைப் பாருங்கள் என்று ஒரு பெண்ணே எழுதியிருந்தார். எல்லாம் நாவலைப் பேசுகிற அதே உற்சாகத்தில், அதே சிரிப்புப் படங்களோடு.

"அது கதை இல்லை. அந்த வீட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன்.

"மேடத்துக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும் போலிருக்கிறதே. உள் தகவல் இருந்தால் பகிரலாமே" என்று பதில் வந்தது. அதற்கும் கைதட்டல்.

வலிப்பு என்ற ஒரே வார்த்தையை எழுதியிருந்தால் அங்கேயே எல்லாம் அடங்கியிருக்கும். அந்த வார்த்தையைத்தான் எழுத மாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள், இதையெல்லாம் பார்த்துவிடுவாளே. அவளுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

குழுவை நடத்துபவரின் வீட்டை விசாரித்துக் கணவரோடு போனேன். மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். அலமாரி நிறையப் புத்தகம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"சார், அந்தப் பதிவ எடுத்துருங்க. அது விபத்து. போலீஸே அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

"ஆரம்பத்துல எல்லாக் கேஸையும் அப்படித்தான் சொல்லுவாங்கம்மா." சிரித்தார். "நாம யாரு பேரையும் போடலையே. ஊர் பேரு கூட பேப்பர்ல வந்ததுதான். இது ஒரு மூளைப் பயிற்சி, அவ்வளவுதான்."

"செத்தவரு பொண்டாட்டி அதப் படிச்சா?"

"கிராமத்துப் பொம்பள. அதெல்லாம் எங்க படிக்கப் போகுது?"

அவள் அவருடைய குழுவிலேயே இருக்கிறாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். விழுங்கிக்கொண்டேன். காபியைத் தொடாமல் எழுந்தோம். வாசலில் என் கணவர், அதிர்ந்து பேசாத மனிதர், திரும்பி நின்று, "ஒங்க வீட்டுல ஒரு சாவு விழுந்து ஊரே ஓட்டுப் போட்டா எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டார். குழுவை நடத்துபவரின் முகம் சிவந்துபோனது. அன்று சாயங்காலம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பிறகு பதிவையும் எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படம் சித்தையன்கோட்டைக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு வந்து, அங்கிருந்து அவள் கிராமத்துக்குப் போனது. பட்டணத்தில் படித்தவர்கள் எல்லாம் ஆராய்ந்து பொண்டாட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள் என்று பேச்சு. பள்ளிக்கூடத்தில் அவள் மகளிடம், ஒங்க அம்மாதான் தள்ளி விட்டாகளா என்று கூடப் படிக்கும் பிள்ளை கேட்டிருக்கிறது. போலீஸ் வழக்கை விபத்து என்று முடித்தபோது அதைப் படம் பிடித்து அனுப்ப யாரும் இல்லை.

உண்மை தெரிந்த மாமியார் வாயைத் திறக்கவில்லை. கருமாதி முடிந்ததும், கொழுந்தன் கல்யாணம் வரைக்கும் நீ உன் ஆத்தா வீட்டில் இருந்துகொள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்யாணம் நடந்தது. அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. திரும்ப வா என்று கூப்பிடவும் யாரும் வரவில்லை.

அவளுடைய பிறந்த வீடு சேவுகம்பட்டிப் பக்கம். ஒரு வருஷம் போல ஆகியிருக்கும், பார்க்கப் போனேன். கூலிக்குப் பூ எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். மகளை இங்கேயே வேறு பள்ளியில் சேர்த்திருந்தாள்.

அந்தக் குழுவைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

"அன்னைக்கே பாத்தேன்க்கா. அவரு ஒடம்ப எடுத்துட்டுப் போயி ரெண்டு நாள் கூட ஆகல. நீங்க எழுதுனதையும் பாத்தேன். எனக்குத்தான் அம்புட்டு ஓட்டு." முந்தானையில் ஒட்டியிருந்த பூக்காம்பை எடுத்துப் போட்டாள். "அதுல நாலஞ்சு பேரு நான் எப்ப எழுதுனாலும் நல்லாப் பேசுறவுக."

"இப்ப ஏதாச்சும் படிக்கிறியா?"

"ஃபோனு புள்ளைக்கு வேணும். படிக்கவும் தோணல." மகள் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினாள். "அது தூங்குறப்ப கை காலு லேசா அசைஞ்சாலும் எந்திரிச்சு உக்காந்துருவேன்க்கா. அப்பனுக்கு இருந்தது இதுக்கும் வந்துருமோன்னு. டாக்டரு பயப்படாதங்குறாரு."

இதையெல்லாம் ஒருநாள் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"எழுதுங்க. எங்க பேரு மட்டும் வேணாம்."

"அந்த நோய?"

"அதையும் எழுதுங்க." மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டாள். "யாருக்காக மறைச்சேனோ அவுக கல்யாணம் முடிஞ்சு போச்சு. எம்மகளக் கொலைகாரி மகள்னு சொல்றதுக்கு வலிப்புக்காரன் மகள்னு சொன்னாத் தேவலை."

வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோட்டங்களுக்கு ஊடே வரப்பு வழியாகக் கூட வந்தாள். ரோடு தெரிகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரலக்கா. அங்க நாலு பேரு நிப்பாக, எதையாச்சும் கேப்பாக. நீங்க பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.