பாலைவனத்தில் மழை

வகுப்புக்குள் நுழைந்ததும் மேடம் முதலில் கடைசி பெஞ்சைத்தான் பார்ப்பார். எல்லாம் தெரிந்த முகங்கள் என்றால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, இந்தக் கதையில மழை எப்ப ஆரம்பிக்குது, சொல்லுங்க பார்ப்போம்" என்பார்.

கல்லூரியில் உலக இலக்கியம் நடத்தும் அவருக்கு 'மழை மேடம்' என்று பெயர் வந்தது இப்படித்தான். ஒடுக்குமுறை என்ற சொல் எந்த வகுப்பிலும் காதில் விழக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பாவம், அவர் நடத்த வேண்டிய நாவல்களில் அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? உலகத்தின் எந்த மூலையில் எவர் பேனாவை எடுத்தாலும், ஒருத்தன் கழுத்தில் இன்னொருத்தன் கால். அந்தக் காலுக்கடியிலும் எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஜனங்கள். அதனால் ஒடுக்குமுறைக்கு மழை என்று பெயர் வைத்தார். அதில் பிழைத்துக் கிடப்பதற்குக் குடை. பிள்ளைகள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்த நாவல்ல அந்தக் கிழவனுக்குக் குடை எது?" என்பார்.

"காவலாளி மாதிரியே நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கிறான்ல, அதான் மேடம்."

"அது ஓட்டைக் குடையாச்சே!"

"தலை நனையலைல்ல மேடம், அது போதும்."

இப்படி ஒரு பதில் வந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் மேடத்தைக் கையில் பிடிக்க முடியாது.

அதற்காக அவரைத் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். சரியான பயந்தாங்கொள்ளி. பக்கத்து அறையில் சரித்திரம் நடத்தியவரை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டிக்கொண்டு போனார்கள். அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மாணவியையும் சேர்த்து. "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்றார்கள். இருவருமே இன்னும் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து மேடத்துக்குக் காலையில் ஒரு வாய் இறங்குவதில்லை.

"நாலு காதல் கதையை நடத்திட்டு வந்து சேரேன். உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்பார் வீட்டுக்காரர்.

"காதல் கதையிலயும் மழை பெய்யுதுங்க, நான் என்ன பண்ண?"

ஒரு சாயங்காலம் அந்த மனிதர் வாசலிலிருந்து, "ஏய், மழை வந்துடுச்சு!" என்று கத்தினார். மேடம் அலமாரியிலிருந்த நாவல்களை வாரிக் கட்டிலுக்கடியில் தள்ளி, மூச்சு வாங்க நின்றார். கொடியில் காய்ந்த துணியெல்லாம் தொப்பலாக நனைந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் மேடம் நாவல்களைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கவில்லை.

போன வாரம் கடைசி பெஞ்சில் புது முகம். மேலிடத்திலிருந்து வந்திருக்கிறாராம், பாடம் கேட்கப் போகிறாராம். அன்றைய நாவல், பாலைவனத்து உப்புச் சுரங்கத்தில் அடைபட்ட கைதிகளைப் பற்றியது. மேடம் உஷாராக உரைநடை, வர்ணனை என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன பழக்கம் விடுமா?

"இந்த இடத்துல மழை இன்னும் வலுக்குது, பாருங்க" என்றுவிட்டார்.

"பாலைவனத்துலயா மேடம்?" கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "எந்தப் பக்கத்துல?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "கனவுல, சார். கைதி கனவுல வருது."

"நானும் படிச்சிருக்கேம்மா. கனவு எதுவும் வரலையே" என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை.

மணி அடித்ததும் நேராக மேசைக்கு வந்தார். பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு இந்த வகுப்புல மழை பலமா இருக்கும்னு பேசிக்கிறாங்க. பிள்ளைங்க நனையாம பாத்துக்குங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூண்டில் போடுகிறாரா, நிஜமாகவே எச்சரிக்கிறாரா? 'மழையா? வெயில் கொளுத்துதே சார்' என்று வெகுளியாகச் சிரித்தால், தான் மட்டும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்தால், நாளைக்கு அத்தனை பிள்ளைகளும் இதே பெஞ்சுகளில் வந்து உட்காருவார்கள், அள்ளிக்கொண்டு போக வருகிறவர்களுக்குத் தோதாக. புரிந்ததாகக் காட்டிக்கொண்டாலோ, அதுவே வாக்குமூலம். மனிதர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

மேடம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒருத்தரும் வரக் கூடாது. மழை" என்றார்.

பிறகு, பொட்டு மேகமில்லாமல் காய்ந்துகொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி, அந்த மேலிடத்து மனிதரின் கண்ணெதிரிலேயே வகுப்பின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ் போட்டார்.