மச்சாளுக்கு நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலம்

என் மனைவியின் தங்கைக்கு ஆங்கிலம் படிப்பித்தது நான்தான். இரண்டு தடவை படிப்பித்தேன். இரண்டு தடவையும் அவளுக்குத் தீங்குதான் செய்தேன். பெரியகல்லாற்றுப் பக்கம் இன்றைக்கும் "ஐயாட இங்கிலீசு அந்தக் காலத்து இங்கிலீசு" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் அவர்கள் மேல் இல்லை.

நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பது வருடத்துக்கு மேல் கடிதம் எழுதும் லிகிதராக இருந்தவன். ஆங்கிலத்தை நான் பேசிப் படிக்கவில்லை, சேர்த்துப் படித்தேன். ஒரு சொல், அதன் கருத்து, அதை வைத்து ஒரு வசனம். நாளுக்குப் பத்துச் சொல். வசனங்களை என் மேசைக்கு வந்த கடிதங்களிலிருந்து எடுத்தேன். தாழ்மையுடன் அறியத்தருவதும், அனுமதி கோருவதும், தாமதத்துக்கு வருந்துவதும்தான் அவற்றில் இருந்தன. அந்த ஆங்கிலத்தை வைத்து நான் பிரதம லிகிதர் வரைக்கும் போனேன். அதில் ஒரு குறை இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்வழியே போகும். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாய் அவளுக்கு ஒரு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பான். நானும் அப்படி வந்தவன்தான். மாமா மாமி இருந்த கல்வீடு மூத்தவளான என் மனைவிக்கு வந்தது. பத்து வயது இளைய தங்கைக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் வளவும் அதில் ஒரு தகரக் கொட்டிலும். அவளுடைய புருசன் வாவியில் வலை போடுகிறவன். பிள்ளை என்று ஒரே ஒரு மகள். அந்த மகளுக்குப் பதினைந்து வயதானபோது, வீடு கட்டுவதற்காக மச்சாள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். ஏஜென்சிக்காரன் காட்டிய வீட்டில் இங்கிலீசுதான் பேசுவார்களாம்.

"அத்தான், எனக்கு நாலு சொல்லுப் படிப்பிச்சுத் தாங்க" என்று வந்து கேட்டாள்.

அன்றைக்கே சைக்கிளில் போய் எழுதுகிற கொப்பி ஒன்று வாங்கி வந்தேன். பின்னேரங்களில் விறாந்தையில் கதிரை போட்டுப் படிப்பித்தேன். 'ஒபே' என்றால் கீழ்ப்படிதல். 'பர்மிஷன்' என்றால் அனுமதி. 'கிரேட்ஃபுல்' என்றால் நன்றியுள்ள. ஒவ்வொன்றுக்கும் நானே வசனம் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பாடமாக்கி அடுத்த நாள் ஒப்புவிக்க வேண்டும்.

ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, "அத்தான், இந்த மனிசி ஒரு வசனத்திலயாவது குந்தி இருக்கமாட்டாளா?" என்று கேட்டாள்.

"எந்த மனிசி?"

"இந்தக் கொப்பிக்குள்ள 'மேடம், மேடம்' எண்டு ஓடித் திரியிறாளே, அவள்தான். தண்ணி குடிக்கவும் பர்மிஷன் கேக்கிறாள்."

உள்ளே மனைவி சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. "முதல்ல பாடமாக்கு, மறுகா பகிடி விடலாம்" என்றேன்.

இன்னொரு நாள் 'டயர்ட்' என்ற சொல்லை அவளே மகளின் அகராதியில் தேடி எடுத்து வந்தாள். கொப்பியில் வசனமும் எழுதியிருந்தாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஏனென்றால் அத்தான் மிச்சம் சொல் தருகிறார் என்று ஆங்கிலத்தில். அவள் சொந்தமாக எழுதிய முதல் வசனம் அது. சிவப்புப் பேனையால் அதைக் குறுக்கே வெட்டினேன்.

"பிழையா அத்தான்?"

"பிழையில்ல. வேலைக்குப் போறவள் களைப்பெண்டு சொல்லப்படாது."

கீழே, "ஐ ஆம் நெவர் டயர்ட், மேடம்" என்று எழுதி, பத்துத் தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் எண்ணூறு சொல் அவளுக்குப் பாடமாகிவிட்டது. பத்தாம் வகுப்போடு நின்ற ஒருத்தியை இந்த அளவுக்குக் கொண்டுவந்தேன் என்று வாசிகசாலையில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போய்ப் பதினாலாம் மாதம் திரும்பி வந்துவிட்டாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றது. நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. குசினிக்குள் அக்காளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை விறாந்தையில் இருந்து கேட்டேன்.

"பாத்ரூம் கழுவக்குள்ள வழுக்கி விழுந்திட்டன். கை வீங்கிப் போச்சு. மேடம் கெட்டவள் இல்லக்கா. வந்து பாத்து, 'ஆர் யூ ஓல்ரைட்' எண்டு கேட்டாள். எனக்கு அதுக்கு ஒரு மறுமொழிதான் தெரியும். 'ஐ ஆம் குவைட் வெல், தேங்க்யூ, மேடம்.' ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னன்."

"நோகுது எண்டு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"அத்தான்ட கொப்பியில நோவு இல்லையேக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு என் மனைவி மூக்கைச் சிந்துவது கேட்டது. வழுக்கி விழுந்து மூன்று கிழமை கழித்து, மச்சாளின் கையிலிருந்து கோப்பை ஒன்று விழுந்து உடைந்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனார்களாம். அதற்குள் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது.

அவள் திருப்பிக் கொண்டுவந்த கொப்பியை அடுத்த நாள் எடுத்துப் பார்த்தேன். எண்ணூறு சொல்லில் நோவு இல்லை, டாக்டர் இல்லை, விழுந்தேன் என்பது இல்லை. மாட்டேன் என்பதும் இல்லை. 'ஹெல்ப்' இருந்தது. அதற்கு நான் எழுதிய வசனம், உங்களுக்கு நான் என்ன உதவி செய்யலாம் என்பது.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்கவுமில்லை. வாசிகசாலையில் யாரோ அவள் ஏன் இடையில் வந்தாள் என்று கேட்டபோது, "பாடமாக்குவாள், ஆனா விளங்கிப் பேச மாட்டாள்" என்று சொன்னேன். இதை இதுவரை ஒருவருக்கும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஆறு வருடம் போனது. அவள் அனுப்பிய காசில் எழும்பிய வீடு சுவரோடு நின்றது. கூரை இல்லை. உள்ளே பப்பாசிக் கன்று முளைத்தது. இந்த வருடம் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தது. மாப்பிள்ளை பகுதி வந்து அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. மச்சாள் மறுபடியும் ஏஜென்சிக்குப் போய்ப் பெயரைப் பதிந்தாள்.

இந்த முறை அவள் கேட்கவில்லை. நானாகவே இரண்டாவது கொப்பியை எழுதி எடுத்துக்கொண்டு வேலியைக் கடந்து போனேன். 'பெயின்', 'ரிஃப்யூஸ்', 'ரெஸ்ட்', 'டாக்டர்'. என் வலது கையில் நோவு இருக்கிறது, பாரமானதை என்னால் தூக்க ஏலாது என்பதுதான் முதல் வசனம்.

வாசித்துவிட்டு, "இதச் சொன்னா ஆர் என்னை எடுப்பாங்க அத்தான்?" என்றாள்.

"சொல்லாம விட்டா மற்றக் கையும் போகும்."

"போற கை என்ட கைதானே."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை தரம் சொன்னாலும் அவளுடைய வாயில் பழைய வசனங்கள்தான் வந்தன. 'ரெஸ்ட்' என்று நான் சொன்னால், "ஐ ஆம் நெவர் டயர்ட்" என்று தானாக வந்துவிழும். அழிக்க முடியாதபடி பாடமாக்கி வைத்திருந்தேன். மேசையில் அடித்தேன். கத்தினேன். அவளுடைய மகள் எழுந்து வெளியே போனாள். கடைசியில், என்னுடைய வாயை மூடவைக்கத்தான் என்று நினைக்கிறேன், அந்தப் புது வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டாள்.

ஏஜென்சியில் வைத்து வீடியோவில் ஒரு மேடம் அவளோடு பேசினாள். எல்லா வேலையும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பதற்றத்தில் இவள் என்னுடைய முதல் வசனத்தை முழுதாக ஒப்புவித்துவிட்டாள். மேடம் நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாளாம். பஸ்ஸில் இறங்கி வந்த மச்சாள் எங்கள் வேலிக் கடப்படியில் நின்று இதைச் சொன்னாள்.

நான் கேட்ட முதல் கேள்வி: "பிழையில்லாமச் சொன்னியா?"

"ஓம் அத்தான். மிச்சம் வடிவாச் சொன்னன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் எங்கள் விறாந்தைக்கு வரவில்லை.

கூரையில்லாத வீட்டுக்குள் இருந்து போனை வைத்துப் படிக்கத் தொடங்கினாள். போன் ஒரு வசனம் சொல்லும், இவள் திருப்பிச் சொல்வாள். உச்சரிப்புப் பிழைக்கும்போது எனக்கு நாக்கு அரிக்கும். ஒருநாள் திருத்துவதற்கு வேலியடிக்குப் போனேன். "இஞ்சேருங்க, பேசாம வாங்க" என்று மனைவி பின்னால் வந்து கூப்பிட்டாள். வேறு ஒரு ஏஜென்சியில் மச்சாளுக்கு வேலை சரிவந்துவிட்டது என்று மனைவிதான் எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குத்தான், இத்தனை வருடம் கழித்து, என் வாயில் அது வந்தது. எங்களுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். இரண்டு பேரும் கலியாணம் முடித்து மனைவிமார் வீட்டில் இருக்கிறார்கள். "இந்த வீட்ட அவளுட மகளுக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அவள் முதல் தரம் போகக்குள்ளயே நான் அத நினைச்சன். உங்களுக்குச் சொல்லுவம் எண்டு வந்தன். நீங்க கொப்பி வாங்கச் சைக்கிள எடுத்துக்கொண்டு போயிட்டீங்க. மறுகாப் பாத்தா, கதிரயப் போட்டுக்கொண்டு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எப்படிச் சொல்ல?"

வேலியைக் கடந்து போய் மச்சாளிடம் சொன்னேன். அவள் போனை மடியில் வைத்தாள்.

"பாஸ்போட்டக் குடுத்திட்டன் அத்தான். வாற கிழம பயணம். இனி நிப்பாட்டேலாது."

"வீடு?"

"அக்காவோட பேசுறன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் போய்விடுவேன் என்று பார்த்தாள். நான் போகவில்லை. அவளுடைய கை மடியில் கோணலாகக் கிடந்தது. அந்த ஆறு வருடத்தில் ஒருநாளும் தமிழில் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"கை நோகுதா புள்ள?"

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாரி மழைக்குத்தான் கூடுதலா நோகும், அத்தான். அங்க மாரி இல்லையே."